அம்மாவுக்கு வாங்கினேன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியில் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை, இரண்டே வார்த்தை. பழைய துப்பறியும் நாவல்களை மூன்று மூன்றாகச் சேர்த்து ஒரே அட்டைக்குள் போட்டிருந்த தொகுப்பு ஒன்று, மேசையில் குவித்துப் போட்டிருந்த மாத நாவல்களில் பொறுக்கியது ஏழு, எல்லாம் ஒரு மஞ்சள் பையில். வாசலுக்கு வரும் வழியில், பஜ்ஜிக் கடைப் பக்கம், பழைய அலுவலக நண்பர் எதிரே வந்தார். நிறையப் படிப்பவர். அவர் பையில் கெட்டி அட்டைகளின் மூலைகள் துருத்திக்கொண்டிருந்தன. என் பையின் வாயை இரண்டு விரலால் அகட்டி உள்ளே பார்த்தார். துப்பாக்கி, ரத்தம், கண்ணை அகல விரித்த ஒரு பெண். "இன்னுமா சார் இதெல்லாம் படிக்கறீங்க?" என்று சிரித்தார். நான் யோசிக்கவே இல்லை. "அம்மாவுக்கு வாங்கினேன்" என்றேன்.

அம்மா தன் வாழ்நாளில் ஒரு துப்பறியும் நாவலைக்கூட முழுசாகப் படித்தவள் இல்லை. "எவனோ எவனையோ கொன்னான். அது யாருன்னு தெரிஞ்சு எனக்கு என்னடா ஆகப்போகுது?" என்பாள். அவள் படிப்பதெல்லாம் குடும்ப நாவல். கோபக்காரக் கதாநாயகன், ரோஷக்காரக் கதாநாயகி, பெரிய வீடு, ஒரு தவறான புரிதல், கடைசி அத்தியாயத்தில் சமாதானம். எனக்கு அந்த வகை ஆகாது. அவளுக்கு என் வகை ஆகாது. ஒரே வீட்டில் நாற்பது வருடமாக இரண்டு தனி அலமாரி. ஆக, என் ருசியை மறைத்தது மட்டும் இல்லை, அவள் மதிக்காத ஒன்றை அவள் தலையில் கட்டிவிட்டும் வந்திருக்கிறேன். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பீடியை மறைக்கிற கல்லூரிப் பையன் மாதிரி நடந்துகொண்டேன்.

பொய்யைவிட, அதற்கு நண்பர் சொன்ன பதில்தான் ரொம்ப நாள் உறுத்தியது. மனசு நோகக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. "தப்பே இல்லை சார். இதெல்லாம் ஒரு படிக்கட்டு. இதுல ஏறித்தானே நாம எல்லாரும் வந்தோம்" என்றார். நானும் தலையாட்டினேன். மின்சார ரயிலில் மாம்பலம் தாண்டுவதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எந்தப் படிக்கட்டு? ஏறி எங்கே வந்தோம்?

படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன்

இந்தப் படிக்கட்டுக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். முதலில் படக்கதை, அப்புறம் பாக்கெட் நாவல், அப்புறம் வாரப் பத்திரிகைத் தொடர், அங்கிருந்து சுஜாதா, அதற்கும் மேலே இலக்கியம். வெகுஜன எழுத்தைத் திட்ட மனசு வராதவர்கள் எல்லாரும் கடைசியில் இந்த இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். வாசிக்கும் பழக்கத்தை உண்டாக்கியது, பலரை வாசிப்புக்குள் கொண்டுவந்தது, அந்த வகையில் அதற்கு ஒரு பங்கு உண்டு. சரி. ஆனால் இது பாராட்டு இல்லை, ஓய்வூதிய உத்தரவு. உன் வேலை முடிந்தது, வழியை விடு என்கிறது.

நான் மேலே போகாதவன் இல்லை. போயிருக்கிறேன். சில நாவல்கள் என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை. சிலவற்றில் அறுபதாம் பக்கத்தில் வைத்த பேருந்துச் சீட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். கீழே காற்று நன்றாக வருகிறது, தெரு தெரிகிறது. என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. ஏறிப் போனவர்கள்தானே கட்டுரை எழுதுகிறார்கள்.

இதற்கு நேரெதிர் கட்சி ஒன்று உண்டு. அதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. 2008-ல் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் இந்த மாதிரிக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டது. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கூட்டம் கிளம்பியது. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கியபோது திரும்பிப் பார்க்காதவர்கள், அட்டைப்படத்தை மட்டும் பார்த்து ரசிக்க ஆரம்பித்தார்கள். என்ன நிறம், என்ன துணிச்சல், என்ன அபத்தம் என்று. உள்ளே பிரித்துப் படித்தார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுகிறவரைவிட, அட்டை கிழிந்த பிறகும் படிக்கிறவர் பக்கம்தான் நான்.

விழுப்புரத்தில் கைவிலங்கு

என் வகையைப் பற்றி கொஞ்சம் பேசிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் திருச்சியிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தேன். மாதம் இரண்டு முறை ரயில். ஜங்ஷன் புத்தகக் கடையில் ஒரு நாவல் வாங்கி ஏறினால் கணக்குப் பிசகாது: அரியலூரில் பிணம், விருத்தாசலத்தில் சந்தேகம், விழுப்புரத்தில் கைவிலங்கு. மிச்சம் இருக்கிற தூரத்துக்குத் தூக்கம். நாவலின் நீளமே அந்தப் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். உண்மையில் அது அச்சகத்துக்காகத் தைத்தது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஆறு ஃபாரம் என்றால் 96 பக்கம். அதற்குள் கொலை, விசாரணை, குறும்பு, தீர்ப்பு எல்லாம் அடங்க வேண்டும். முன்னால் எழுத்தாளர் கடிதம், பின்னால் வாசகர் கடிதம், நடுவே விளம்பரம், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கோவைக்காரர் ராஜேஷ்குமார் 1500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். நாற்பது வருடம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு மூன்று. அதையும் மாதாமாதம் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும். நான் மூன்று வரி விடுப்பு விண்ணப்பத்தை இரண்டு நாள் திருத்துகிறவன்.

அவர் பழக்கிவிட்ட ஒரு உத்தி உண்டு. ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை, இரட்டைப்படை அத்தியாயங்களில் வேறொரு கதை. இங்கே கோவையில் ஒரு பெண் மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்திருப்பாள். அங்கே டெல்லியில் ஒருவன் லிஃப்டுக்குள் செத்துக் கிடப்பான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இரண்டு தண்டவாளமும் எங்கே சேரும் என்பதுதான் ஆட்டம். கொலைகாரன் யார் என்பதைவிட எனக்கு அதுதான் முக்கியம். மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் வந்த அரை வரியை, பத்தாம் அத்தியாயத்தில் லிஃப்டில் செத்தவன் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன். இது மூளைக்கு ஒரு சொடுக்கு. இலக்கியம் வேறு என்னென்னவோ தரும், ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சொடுக்கைத் தருவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி நாவல்களில் கடைசி அத்தியாயம் ஒரு நொண்டிக் குதிரை. கைவிலங்கு மாட்டிய பிறகு குற்றவாளி இரண்டு பக்கம் பேசுவான். இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள், துப்பறிகிறவர் எல்லாரும் உபன்யாசம் மாதிரிக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஃபாரம் முடியப்போகிறது என்பது படிக்கிறவனுக்கே தெரியும். அதை மன்னித்துவிடலாம். அதுவரை பேச்சே வராத ஒரு ரசாயனப் பொருளைக் கடைசியில் பரிசோதனைக்கூடத்திலிருந்து கொண்டுவந்து முடிச்சை அவிழ்த்தால் மட்டும் மன்னிக்க மாட்டேன். அது சீட்டாட்டத்தில் பையிலிருந்து ஐந்தாவது ஆஸ் எடுப்பது. அப்புறம் ஜோடிகள். விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி என்று துப்பறிகிறவர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் வருவார்கள், கணேஷ்–வசந்த் உட்பட. நரேந்திரனையும் வைஜயந்தியையும் எழுதிய 'சுபா'வே ஒரு பெண் இல்லை, சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு ஆண்கள் என்று தெரிந்த அன்று நான் ஏமாந்த ஏமாற்றம் எந்த நாவலின் கடைசி அத்தியாயத்திலும் கிடைத்ததில்லை.

பலவகை, தொகுதி மூன்று

வெட்கம் எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. அம்மாவின் அப்பா வடுவூர் துரைசாமி ஐயங்காரின் வாசகர். போன நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழில் துப்பறியும் கதை என்றால் வடுவூரார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு என்று ஒரு வரிசை. அதில் வடுவூராருக்குத் திகம்பர சாமியார் என்று ஒரு துப்பறியும் சாமியார் இருந்தார். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அவரைப் படமாக எடுத்தது, நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு நடித்திருப்பார். தாத்தா இந்த நாவல்களையும், வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்களையும் காலிகோ துணி போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். பைண்டர் முதுகில் பெயர் பொறிக்க என்ன பெயர் என்று கேட்டாராம். தாத்தாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. "பலவகைன்னு போடு" என்றிருக்கிறார். எட்டுத் தொகுதி. 'பலவகை 1', 'பலவகை 2' என்று தங்க எழுத்தில், கம்பராமாயணத்துக்குப் பக்கத்தில், ஏதோ அரசாங்க அறிக்கை மாதிரி நின்றன. அம்மா குடும்பத் தொடர்களைப் படிக்க ஆரம்பித்தது 'பலவகை 3'-ல்தான்.

என் பள்ளிக் காலத்தில் அம்மாவின் ஊற்று, உறையூரில் இருந்த ஒரு வாடகை நூல் நிலையம். தகரக் கதவு, ஒரு குண்டு பல்பு, முன்பணம் கட்டினால் எண் தருவார்கள். ஐந்து ரூபாய் நாவலுக்கு வாடகை ஐம்பது காசு. போய் எடுத்துவருவது என் வேலை. படித்ததையே திரும்ப எடுத்துவிடாமல் இருக்க உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்திருந்தார்கள். ஒருவர் 17-ஆம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், இன்னொருவர் 25-க்குக் கீழே இரட்டைக் கோடு. அம்மாவின் அடையாளம் 33-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நான் அலமாரி முன் நின்று ஒவ்வொன்றாக 33-ஐப் புரட்டி, புள்ளி இல்லாததை எடுப்பேன். சில புத்தகங்களில் வட்டம், கோடு, புள்ளி, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து பக்க ஓரமெல்லாம் கோலமாக இருக்கும். எழுத்தாளர்களுக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த அலமாரி முன்னால் நின்றபோதே எனக்கு ஒரு மிதப்பு. நான் படிப்பது மூளைக்கு வேலை. இது, அழுமூஞ்சி. துப்பறியும் நாவலைப் பார்த்து இலக்கியவாதி முகம் சுளிப்பதற்கு நான் கோபப்படுவேன். அதே முகச்சுளிப்பை இரண்டு படி கீழே இறக்கி அம்மாவின் அலமாரியைப் பார்த்துச் செய்வேன். முப்பத்தைந்து வருடம் இதில் ஒரு முரண்பாடு இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

சொட்டு மருந்துக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவே

போன ஆடியில் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டாள். சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் பழைய கண்ணாடி இனி பொருந்தாது, புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்க ஒரு மாதம் போக வேண்டும் என்றார்கள். அதுவரை பொடி எழுத்து படிக்க முடியாது. எழுபத்தாறு வயது, கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஈஸிசேரில், நாளுக்கு ஆறு வேளை சொட்டு மருந்து. டிவி வேண்டாம் என்றாள், சத்தம் தலைவலியாம். யூடியூபில் நாவல்களை முழுசாகப் படித்துப் போடுகிறார்கள், ஏராளமாக இருக்கிறது, ஒன்று போட்டுக் கொடுத்தேன். படித்த பெண் சோக இடம் வந்ததும் விசும்பினார். அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். "அவளே அழுதுட்டா அப்புறம் நான் எதுக்கு? நீ படி."

அவளே எடுத்துக் கொடுத்தாள், தன் அலமாரியிலிருந்து. பழைய நாவல். வாடகை நூல் நிலையம் மூடியபோது எடைக்குப் போட்டதிலிருந்து மீட்டு வந்தது. 33-இல் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு புள்ளி. அதாவது மூன்று தடவை படித்தாயிற்று. பெயர் வேண்டாம், அந்த எழுத்தாளரின் வாசகிகள் சண்டைக்கு வருவார்கள். ஐம்பது வயது ஆண்பிள்ளை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, 'அவனது கண்களில் தெரிந்த தீயில் அவள் மெழுகாய் உருகினாள்' என்கிற ரீதியிலான வாக்கியங்களை அம்மாவுக்குச் சத்தமாகப் படிக்க வேண்டும். குரலை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ரேஷன் கடை அறிவிப்பு மாதிரிப் படித்தேன்.

அவள் உருகுவாள், கண் கலங்குவாள், மருந்து கரைந்துவிடுமே என்றெல்லாம் நான் பயந்திருந்தேன். அம்மா அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவள் என்பதை மறந்துவிட்டேன். முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. கதாநாயகனுக்கு மூன்று மில், ஒரு எஸ்டேட். "மூணு மில்லு வெச்சிருக்கான், ஒரு ஆடிட்டரையும் காணோம்." நாயகி அவமானம் தாங்காமல் ராஜினாமா கடிதத்தை மேசை மேல் எறிந்துவிட்டு வெளியேறுகிறாள், கண்ணீர், மழை. அம்மா கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "பி.எஃப். படிவத்துல கையெழுத்து போடாம போறா பாரு. நாலு வருஷ சர்வீஸ்" என்றாள். நாயகியின் அழகு வருகிற இடமெல்லாம் "தாண்டு". மலைவாசஸ்தல வர்ணனை, "தாண்டு". நாயகன் தன் மனசுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு முழுப் பக்கம், "அவன் பேசி முடிக்கட்டும், நீ அடுத்த பக்கத்துல நில்லு."

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், இவ்வளவு குற்றம் கண்டுபிடிக்கிறாய், அப்புறம் எதற்கு மூன்று தடவை படித்தாய் என்று. பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு இடம் வந்தது. புது மருமகளாகப் போன நாயகி வெளியூரிலிருந்து இரவு நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறாள். எல்லாரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். யாரும் அவளோடு பேசுவதில்லை என்று இருக்கிற வீடு. அடுக்களையில் போய் விளக்கைப் போட்டால், ஒரு தட்டில் சோறு, அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பூனை தள்ளாமல் இருக்க மோர்க் கிண்ணத்தைப் பாரமாக மேலே வைத்திருக்கிறது. வைத்தது அந்த வீட்டின் விதவை அத்தை என்று நமக்கு முந்தின அத்தியாயத்திலிருந்து தெரியும். நாவலில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டே வரி, அவள் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், அத்தியாயம் முடிந்தது. நான் பக்கத்தைத் திருப்பப் போனேன். "அதை இன்னொரு தடவை படி" என்றாள் அம்மா. படித்தேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். "மோர்க் கிண்ணத்தை மேல வெச்சா பாரு. எழுதினவளுக்கு வீடு தெரியும்டா."

எனக்கு அங்கேதான் ஏதோ இடம் மாறியது. மூன்று மில், எஸ்டேட், தீயான கண்கள், மெழுகு இதெல்லாம் பந்தல். அம்மா பந்தலைப் பார்க்கவே இல்லை. பந்தலுக்குப் பின்னால் போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில், தனக்குத் தெரிந்த ஒருத்தியைப் பார்த்துவிட்டு வருகிறாள். அந்த இரண்டு வரிக்காக இருநூறு பக்கத்தைச் சலித்துக்கொண்டே கடக்கிறாள், ஒவ்வொரு தடவையும். படிக்கட்டு என்று சொல்கிறவர்கள் மனசில் வெகுஜன வாசகி என்று ஒரு உருவம் இருக்கிறது: கொடுத்ததை அப்படியே விழுங்குகிறவள், உண்மை என்று நம்பி அழுகிறவள். என் மனசிலும் அவள்தான் இருந்தாள். நிஜத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தவள் ரசீதைச் சரிபார்க்கிற கண்ணோடு கேட்டாள். வேண்டாததை வெட்டினாள், வேண்டியதை இரண்டு முறை வாங்கிக்கொண்டாள். எழுத்தாளரோடு சண்டையும் போட்டாள், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மதிக்கவும் மதித்தாள். நான் விருத்தாசலத்தில் கைக்கடிகாரத்தைத் தேடியதும் இதே வேலைதானே? எனக்கு மட்டும் மூளை, அவளுக்கு மட்டும் கண்ணீர் என்று யார் பிரித்துக் கொடுத்தது?

இப்படிப் புரிந்துவிட்டது என்பதற்காக எனக்கு அந்த வகை பிடித்துவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாவலை முடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது, அதில் பாதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். முக்கியமாக அந்த நாயகன். இந்த நாவல்களின் பெரிய நோய் அவன்தான். கோபத்தை ஆண்மை என்கிறான், சந்தேகத்தை அன்பு என்கிறான், கையை முறுக்குகிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான், இருநூறாம் பக்கத்தில் அவனுக்கு ஒரு சோகமான பிள்ளைப் பிராயம் இருந்தது என்று தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. இன்றைக்கு செல்போனில் வாரம் இரண்டு அத்தியாயமாக எழுதுகிற சின்னப் பெண்கள் பலரும் இவனை விடவில்லை. என் அக்கா மகள் ஒன்றைக் காட்டினாள். மில்லுக்குப் பதில் ஐ.டி. கம்பெனி, மற்றபடி அதே ஆள்தான். ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். "கடைசில அவன் மன்னிப்பு கேப்பான்ல மாமா. அதுக்குத்தான்" என்றாள். வீடுகளில் கிடைக்காத மன்னிப்பு கதையிலாவது கிடைக்கட்டும் என்பதா, எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மன்னிப்புக்கு அவ்வளவு விலை எதற்கு என்றுதான் இன்னும் தோன்றுகிறது.

அந்த நாவலில் 121-ஆம் பக்கம் வந்தபோது நான் நின்றேன். முதல் நான்கு வரியை மனசுக்குள் படித்துப் பார்த்தேன். அவன் அவளை அறைகிறான். அடுத்த மூன்று பக்கமும், தன் மேல்தான் தப்பு என்று அவள் யோசிக்கிறாள், உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. என்னால் அதை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. அம்மாவிடம் முடியவே முடியாது. பக்கத்தின் மேல் ஓரத்தில் ஜெம் கிளிப்பின் வடிவத்தில் துருக் கறை ஒன்று இருந்தது. அலுவலகப் பழக்கம், எங்கேயோ அடையாளத்துக்கு மாட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினேன். "அப்புறம் ஏதோ சண்டை, சமாதானம் ஆயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு 125-இல் ஆரம்பித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கருப்புக் கண்ணாடிக்குள் தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

நடுவில் ஒரு நாள் பழிக்குப் பழியாக என் நாவல் ஒன்றை அவளுக்குப் படித்தேன். இரண்டாம் அத்தியாயம் முடியும்போதே, "அந்த டாக்டர்தான்" என்றாள். எப்படி என்றேன். "வேற யாரையும் நல்லவன்னு இத்தனை தடவை சொல்லலையே." டாக்டர்தான். 96 பக்கத்தையும் முடித்துவிட்டு அவள் சொன்னது, "போதும்டா, இதெல்லாம் உனக்கே இருக்கட்டும்." புத்தகக் காட்சியில் சொன்ன பொய்யை அப்போது அவளிடம் சொன்னேன். துப்பாக்கிப் படம் போட்டதை எல்லாம் தனக்கு வாங்கியதாகவா சொன்னாய் என்று நிஜமாகவே கோபம் வந்தது அவளுக்கு. "அந்த ஆள் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

ஆவணி கடைசியில் புதுக் கண்ணாடி வந்தது. வந்த அன்று சாயங்காலமே திண்ணை வெளிச்சத்தில் உட்கார்ந்து அதே நாவலை எடுத்தாள். நான்காவது தடவை. நான் காபி கொண்டுபோனபோது 121-ஐத் திறந்து வைத்திருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்து, "இங்க நாலு பக்கம் விட்டுட்டே" என்றாள்.

"கவனிச்சியா?"

"நானும் அங்க விட்டுடுவேன். கிளிப்பு துருப்புடிச்சுப் போச்சுன்னு போன வருஷம்தான் கழட்டிப் போட்டேன்." மேசை இழுப்பறையைக் காட்டினாள். ஒரு புதுக் கிளிப் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தாளையும் ஓரம் பிசகாமல் சேர்த்து, பழைய கறை இருந்த அதே இடத்தில் மாட்டிவிட்டு, 125-இலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.